அக்னி ஸ்தலத்துச் சூடு

பச்சை பிளாஸ்டிக் பக்கெட்டில் அப்பாதுரையின் இரண்டு பாதங்களோடு நூற்றுப் பதினோரு அமெரிக்க மாத்திரைகளும் மிதந்துகொண்டிருந்தன.

தப்பு முழுக்க அவருடையதுதான். வேறு யார் மேலாவது போடலாமா என்று சுற்றிலும் பார்த்தார். பின்வாசல் படியில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பக்கெட்டில் குளிர்ந்த தண்ணீர் பிடித்து அரை மணி நேரம் காலை ஊறவைப்பது அவர் வழக்கம். கேட்டால், "அக்னி ஸ்தலத்துல வீடு கட்டிட்டு கால் எரியுதுன்னா எப்படி? எரியத்தான் செய்யும். ஊர் சூடு அப்படி" என்பார். வேங்கிக்காலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் யாருக்கும் அப்படி எரியவில்லையே என்று எவரும் கேட்டதில்லை. கலெக்டர் ஆபீசில் முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவரிடம் யார் எதிர்க்கேள்வி கேட்பார்கள்?

மாத்திரைகள் அவருடையவை அல்ல. மனைவி ஜோதியம்மாளுக்காக மகள் ரேவதி அமெரிக்காவிலிருந்து தோழி ஒருத்தி மூலமாகக் கொடுத்தனுப்பியது. போனில் விவரமும் சொல்லியிருந்தாள்.

"வைட்டமின் பி ஒன் இருக்கில்லப்பா, அதுலருந்து செஞ்சதுப்பா. பென்ஃபோடியமின்னு பேரு. சுகர்காரங்களுக்குக் கால் எரிச்சல், மரமரப்புக்குக் குடுத்துப் பாக்கறாங்க. டாக்டர்கிட்ட அம்மா கேட்டாச்சு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

ஜோதியம்மாளுக்கு இரண்டு வருஷமாக சுகர். அது சரி, அந்தப் புட்டியில் அப்பாதுரைக்கு என்ன வேலை?

லேபிளில் ஒரு மூலையில் ஆரோக்கியமான முதுமைக்கும் ஏற்றது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். முப்பத்தி நாலு வருஷம் கோப்புகளில் வேண்டிய வரியை மட்டும் படித்துப் பழகிய கண், முதுமையை விட்டுவிட்டு ஆரோக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. நேற்று ஒன்றைத் திருடி விழுங்கினார். காலையில் கண்ணாடியில் பார்த்தார். அதே முகம், அதே நரை. ஒன்று போதவில்லை என்று முடிவுசெய்து, ஜோதியம்மாள் சாயங்கால மாத்திரையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போன சமயமாகப் பார்த்து இன்று புட்டியோடு படிக்கு வந்தார். ஈரக்கை. மூடி திறந்தது. புட்டி வழுக்கியது.

"ஐயையோ" என்றார். பிறகு அள்ள ஆரம்பித்தார்.

கூடு போட்ட மாத்திரைகள் தண்ணீர் பட்டதும் மீன்குஞ்சு மாதிரி நழுவின. அழுத்திப் பிடித்தால் உடைந்தன. மெல்லப் பிடித்தால் ஒன்றோடொன்று ஒட்டின. பத்து நிமிஷப் போராட்டத்துக்குப் பிறகு அவர் கையில் கொழுக்கட்டை அளவில் ஓர் உருண்டை இருந்தது.

மாடியில் இன்னும் வெயில் இருந்தது. செய்தித்தாளை விரித்து உருண்டையை அதன் மேல் வைத்தார். காய்ந்தால் பிரித்துவிடலாம் என்று நம்பிக்கை. விசிறி எடுக்கக் கீழே போய் வருவதற்குள் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏய்! அது மருந்து! வை!"

குரங்கு ஒரு கடி கடித்தது. அவரை ஒரு பார்வை பார்த்தது. 'இதைத்தான் உன் பொண்டாட்டிக்குக் கொடுக்கிறாயா?' என்கிற பார்வை. மிச்சத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் தாவிப் போய்விட்டது. அந்தக் குரங்கின் முதுமையாவது ஆரோக்கியமாகக் கழியட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

நடந்ததை ஜோதியிடம் சொல்லிவிட்டிருக்கலாம். மகளிடம் சொன்னால் இன்னொரு புட்டி அனுப்புவாள். ஆனால் திருடியதிலிருந்து சொல்ல வேண்டும். ஐம்பத்தொன்பது வயதில், மனைவியின் மருந்தைத் தலைமுடி கறுக்க வேண்டித் திருடியதை எந்த வாயால் சொல்வது?

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. கீழ்பென்னாத்தூரில் அவருடைய அண்ணன் வேர்க்கடலைக் கொல்லையில் வெறுங்காலோடு நடந்தவர். சுகர். முள் குத்தியது தெரியவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். ஆறு மாதத்தில் ஆளே இல்லை. அன்றிலிருந்து சுகர் என்ற சொல்லைக் கேட்டாலே அப்பாதுரைக்கு உள்ளங்கை வேர்க்கும். ஜோதிக்கு சுகர் என்று தெரிந்தபோது மூன்று நாள் தூங்கவில்லை. அவள் காலுக்கு வந்த மருந்தைத்தான் இப்போது குரங்குக்குக் கொடுத்திருக்கிறார்.

காலை ஆறு மணி மாத்திரைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

தேரடி வீதியில் இருசப்பனின் நாட்டு மருந்துக் கடை திறந்திருந்தது.

"இருசப்பா, சூரணம் அடைக்கிற வெறும் கூடு இருக்கில்ல? வெள்ளை. அது வேணும்."

"எத்தினி சார்?"

"நூத்திப் பதினொண்ணு."

"இன்னா சார், மொய் எழுதற மாதிரி கேக்கறீங்க? உள்ள இன்னா போடப்போறீங்க? அமுக்கரா போட்டுத் தரட்டா? வயசுக்கு நல்லது."

"வயசைப் பத்தி இனிமே பேசாத. கூட்டைக் குடு."

வீட்டுக்கு வந்து குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டார். கூடு கிடைத்துவிட்டது, உள்ளே எதைப் போடுவது? அரிசி மாவு, சுகருக்கு ஆகாது. கோதுமை மாவு, புழு வைக்கும். அலமாரியிலிருந்து எடுத்து வந்த குளுக்கோஸ் டப்பாவைத் திறந்தே விட்டார். கரண்டி பாதி வழி வந்த பிறகுதான் அது கொலை முயற்சி என்று உறைத்தது. சட்டென்று மூடினார்.

கடைசியில் பூஜை அலமாரி விபூதிதான் கைகொடுத்தது. கோயிலில் வாங்கியது. வாசனை சேர்க்காதது. சந்நிதியில் விபூதி வாங்கினால் நெற்றியில் பூசிக்கொண்டு ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வது ஊரில் எல்லோரும் செய்வதுதானே? கூட்டுக்குள் போட்டால் மட்டும் என்ன கெட்டுவிடும்? மருந்து இல்லாவிட்டாலும் அருள் இருக்கும்.

தீக்குச்சியின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாக அடைத்தார். நாற்பதாவது கூட்டில் ஜோதியம்மாள் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, ஒரு மணி நேரமா உள்ள இன்னா பண்றீங்க? வயிறு சரியில்லையா?"

"ஆமா, லேசா."

"இருங்க, ஓமத் தண்ணி வெக்கறேன்."

மிச்சக் கூடுகளையும் அடைத்துப் புட்டியில் போட்டுப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, அன்று இரண்டு தம்ளர் ஓமத் தண்ணீர் குடித்தார். ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்றும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தினமும் கொடுக்கும் சத்து மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் படுத்தார். சமையலறையில் இரண்டு டப்பாக்கள் உண்டு. நீல டப்பா அவளுடைய சுகர் மாத்திரை, சிவப்பு டப்பா இவருடைய சத்து மாத்திரை. சத்து மாத்திரை என்பதால் மறுபேச்சு பேசாமல் சாப்பிடுவார்.

காலையில் ஜோதியம்மாள் வழக்கம்போல் புட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, தம்ளரில் தண்ணீரோடு சமையலறைக்குள் போனாள். அப்பாதுரை ஹாலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்தல் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் காபியோடு வந்தாள்.

ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"இன்னா ஜோதி, காபி சாம்பல் மாதிரி இருக்கு?"

"நேத்து வயித்தைக் கெடுத்துக்கிட்டா நாக்கு அப்படித்தான் இருக்கும். பேசாம குடிங்க."

மறுநாளும் சாம்பல். அதற்கு மறுநாளும். குற்றவுணர்ச்சி நெஞ்சைக் குத்தும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அது நாக்கில் வந்து உட்காரும் என்று யாரும் சொன்னதில்லை. இது தனக்கு வேண்டியதுதான் என்று தினம் இரண்டு வேளையும் கடைசிச் சொட்டுவரை குடித்துத் தொலைத்தார்.

இரண்டு வாரம் போயிற்று. ஒருநாள் ஜோதியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"மாத்திரை நல்லா வேலை செய்யுதுங்க. எனக்குக் கால் எரிச்சல் ரொம்பக் கம்மி."

அப்பாதுரை அவள் காலையே பார்த்தார்.

"நிஜமாவா? எந்தக் காலு?"

"ரெண்டு காலும்தான். வர்ற பௌர்ணமிக்குக் கிரிவலம் போலாம்னு இருக்கேன். வேண்டுதல். நீங்களும் வர்றீங்க."

பதினாலு கிலோமீட்டர். வெறுங்கால். தார் ரோடு. உள்ளே இருப்பது விபூதி. அண்ணனின் கால் கண்முன் வந்து நின்றது.

"வேணாம் ஜோதி. டாக்டர் உன்னை வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அது மாத்திரை வர்றதுக்கு முன்னாடி. இப்ப சரியாயிடுச்சே."

"அந்த மாத்திரையை அவ்ளோ நம்பாத. அமெரிக்காக்காரன் எதை வேணா அடைச்சு விப்பான்."

"உங்க பொண்ணு அனுப்பினதை நீங்களே நம்பலைன்னா எப்படி? எனக்கு நல்லானது உங்களுக்குப் பிடிக்கலையா?"

மாத்திரையைக் குறை சொன்னதற்குத் தண்டனையாக மறுநாளே நடைப்பயிற்சி ஆரம்பமாயிற்று. தனியாகப் போனால் நாய் துரத்தும் என்று அவரையும் கூட்டிக்கொண்டாள். முதல் நாள் கலெக்டர் ஆபீஸ் வரை. அடுத்த வாரம் அதையும் தாண்டி. முப்பத்தி நாலு வருஷம் ஸ்கூட்டரில் போன தூரத்தை அவர் முதல் தடவையாகக் காலால் அளந்தார். அவர் தெரு முனைக் கடைக்குக்கூட ஸ்கூட்டர் எடுப்பவர்.

"நீ மெதுவா நட. காலைப் பாத்து வை. கல்லு குத்தப்போவுது" என்று பின்னாலேயே மூச்சிரைக்க ஓடுவார்.

"நீங்கதான் பின்னாடி வர்றீங்க. வேகமா நடங்க, கையை வீசி."

வீட்டில் சாப்பாடு ஏற்கெனவே அவளுக்காகக் கேழ்வரகுக்கு மாறியிருந்தது. தனித்தனியாகச் சமைக்க முடியாது என்று அவருக்கும் அதுவேதான். இப்போது நடையும் சேர்ந்து வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. கவலையில் இளைக்கிறோம் என்று நினைத்தார். பக்கெட்டில் கால் வைக்கும் வழக்கமும் எப்போது நின்றது என்று தெரியவில்லை. மனசு எரிகிற மனுஷனுக்குக் கால் எரிவது எங்கே தெரியும்?

ஒருநாள் அவள் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே வெள்ளை கான்வாஸ் ஷூ.

"கிரிவலத்துக்கு. உங்களுக்கு."

"எனக்கா? நீ வெறுங்கால்ல நடப்ப, நான் ஷூ போட்டுக்கிட்டு வரணுமா? ஊர் சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. போட்டுப் பாருங்க, கடிக்குதா?"

காலில் வியாதியை வைத்துக்கொண்டு என் காலைப் பற்றிக் கவலைப்படுகிறாளே என்று நினைத்துக்கொண்டே ஷூவின் கயிற்றைக் கட்டினார். அன்றே மெடிக்கல் ஷாப் காசியிடம் ஓடினார்.

"காசி, வைட்டமின் பி மாத்திரை இருக்கா? கால் எரிச்சலுக்குக் குடுப்பாங்களே, அது."

"யாருக்கு சார்?"

"வீட்லதான். ஜோதிக்கு."

காசி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அம்மாவுக்கா?"

"பின்ன யாருக்கு, எனக்கா?"

காசி மாத்திரையை எடுத்துக் கொடுத்தான்.

மறுபடி குளியலறை. மறுபடி தாழ்ப்பாள். கூடுகளைப் பிரித்து விபூதியைக் கொட்டி, மாத்திரையை நுணுக்கி அடைத்தார். அமெரிக்கச் சரக்கு இல்லாவிட்டாலும் அதன் ஒன்றுவிட்ட தம்பியாவது உள்ளே போகட்டும். கை முழுக்க ஒரு நாற்றம், மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. வெளியே இரண்டு தம்ளர் ஓமத் தண்ணீர் தயாராக இருந்தது.

மறுநாள் காபியை வாய்க்கு அருகில் கொண்டுபோனதுமே குமட்டியது. சாம்பல் போய் இப்போது கண்றாவியான ஒரு கசப்பும் நாற்றமும் வந்திருந்தது.

"காபித்தூள் எங்க வாங்கின? கெட்டுப்போயிருக்கு."

"எப்பவும் வாங்கற கடைதான்."

கடையை மாற்றினார். நாற்றம் மாறவில்லை. புதுத்தூளை அவரே கண்ணெதிரில் அரைத்து வாங்கி வந்தார். அப்படியும் மாறவில்லை. ஒருநாள் பின்வாசலுக்குப் போய் செம்பருத்திச் செடிக்கு ஊற்றப் பார்த்தபோது பின்னால் குரல் கேட்டது.

"ஏங்க!"

ஜோதியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை அவர் அதிகம் பார்த்ததில்லை.

"ஒரு சொட்டு கீழ போகக்கூடாது. குடிங்க."

"நாறுது ஜோதி."

"நாறினா மூக்கைப் பிடிச்சுக்குங்க."

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். செய்த பாவத்துக்குத் தண்டனை இவ்வளவு துல்லியமாக, தம்ளரில் ஊற்றி, ஆவி பறக்க வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பௌர்ணமி வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து வெளியூர் பஸ்கள் வந்து கூட்டத்தை இறக்கிக்கொண்டே இருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்குப் புறப்பாடு. அவளைத் தடுப்பதா, சொல்லிவிடுவதா? அவளுடைய சுகர் எவ்வளவு என்று தெரிந்தால் முடிவு செய்துவிடலாம். ஜாஸ்தியாக இருந்தால் காலில் விழுந்தாவது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்தார்.

"ஜோதி, போன வாரம் ரத்தம் எடுத்தாங்களே, ரிசல்ட் எங்க?"

போன வாரம் லேபிலிருந்து வல்லரசு என்கிற பையன் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போயிருந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். ஊசி என்றால் ஜோதிக்குப் பயம். ஒவ்வொரு தடவையும் இவர் முதலில் கையை நீட்டிக் குத்திக்கொண்டால்தான் அவள் தைரியமாக நீட்டுவாள். புருஷன் என்று ஒருவன் வேறு எதற்கு இருக்கிறான்?

"அது ஃபைல்ல இருக்கு."

"ஃபைலைக் காட்டு."

"பீரோ சாவி எங்கயோ வெச்சுட்டேன்."

"சரி, எவ்ளோன்னாவது சொல்லு."

"இருக்க வேண்டியது இருக்கு."

ரேவதிக்குப் போன் போட்டார். "அம்மாவோட சுகர் உனக்குத் தெரியுமாம்மா?" "அப்பா, லைன் சரியா கேக்கல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. டாக்டரிடம் போனார். "வீட்டுக்காரம்மாவையே கேட்டுக்குங்களேன் சார்" என்று சிரித்து, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். காசியிடம் போனார். அவன் இல்லாத ஸ்டாக்கை எண்ண ஆரம்பித்தான்.

எல்லோரும் மறைக்கிறார்கள். அப்படியென்றால் மோசம். ரொம்ப மோசம். அண்ணனுக்கும் கடைசிவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

மிச்சமிருந்தது லேப் ஒன்றுதான். அவர் அங்கே போனதே கிடையாது. பணம் கட்டுவது, ரிசல்ட் வாங்குவது எல்லாம் ஜோதிதான். கவுண்டரில் சிந்துஜா என்று பேட்ஜ் குத்திய பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பத்துப் பேர். அவர் முறை வருவதற்குள் நாலரை ஆகிவிட்டது.

"ஒரு ரிசல்ட் வேணும்மா. ஜோதியம்மாள், வேங்கிக்கால்."

"நீங்க யாரு சார்?"

தான்தான் மாத்திரையைக் குரங்குக்குக் கொடுத்த புருஷன் என்று சொல்ல நா எழவில்லை.

"சொந்தக்காரன்மா. நெருங்கின சொந்தம்."

"ஆங், அந்தம்மா போன வாரமே வாங்கிட்டுப் போயிட்டாங்களே. எனக்கு நல்லாத் தெரியும், இங்க உக்காந்துதான் பேசிக்கிட்டு இருப்பாங்க."

"தெரியும்மா. நம்பர் மட்டும் சொல்லு போதும். எல்லாரும் மறைக்கறாங்க. எவ்ளோ மோசமா இருந்தாலும் பரவாயில்ல, உண்மையைச் சொல்லிடு. இன்னும் அரை மணி நேரத்துல அவ வெறுங்கால்ல மலையைச் சுத்தப் போறா. எங்கண்ணன் இப்படித்தான் காலை விட்டாரு. எனக்கு அவளை விட்டா யாரும் இல்லம்மா."

குரல் உடைந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிந்துஜா நோட்டைத் திறந்து, விரலை ஓட்டி, ஒரு வரியில் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தாள்.

"அழாதீங்க சார், தாராளமா சுத்தட்டும். அந்தம்மாவுக்கு சுகரே கிடையாது. சுகரெல்லாம் அவங்க வீட்டுக்காரருக்குத்தான், அப்பாதுரைன்னு ஒருத்தர். சுகர்ங்கற பேரைக் கேட்டாலே படுத்துடுவாராம், அதனால தனக்குத்தான்னு சொல்லி வெச்சு, அமெரிக்கா மாத்திரையைக்கூட தினம் பிரிச்சு அவர் காபியிலதான் கொட்டறாங்க. அவரை நடக்க வெக்கறதுக்குத்தான் இந்தக் கிரிவலமே. இப்ப அவருக்கு நல்லாக் கம்மியாயிருக்கு. ஆமா, நீங்க அவருக்கு இன்னா வேணும் சார்?"